பருவங்களின் காரணம் தேடிய பேரறிஞர் அல்பிரூனி



திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத் தீவுக்கும் இடையே ஓடும் காவிரியை நீங்கள் நன்கறிவீர்கள். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவை என அரசு அறிவித்தபோது, அவ்வாற்றில் நீர் இருந்த இடமெல்லாம் மணலாய்க் கிடந்தது. ஊர்தோறும் ஜமாஅத்தார் திடல்களில் கூடி மழைத் தொழுகை நடத்தினர். மறு ஆண்டே, 2018 ஆகஸ்டில், மேற்கு மலைகளில் கொட்டிய பெருமழையால் காவிரியும் கொள்ளிடமும் கரை ததும்பின. முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது மதகுகள் சரிந்து வீழ்ந்தன. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தோடு போயின. ஒரே ஆறு, இரண்டே ஆண்டுகள்.

இவை ஏன் நிகழ்கின்றன என்று வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால், பெரியோர் சிலர், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், அதற்குமேல் கேட்பது ஆகாது என்று வாயடைத்து விடுகின்றனர். படித்த இளைஞர் சிலரோ, இது விஞ்ஞானத்தின் பாடு, மார்க்கத்துக்கு இதில் இடமில்லை என்று எழுந்துபோய் விடுகின்றனர். இவ்விரு விடைகளையும் கேட்டு வியப்புற்றிருக்கக்கூடிய ஒரு பெரியார் ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தார். கிப்லாவின் திசையைத் திருத்தமாகக் காணவேண்டும் என்ற கடமையுணர்வோடு நூல் எழுதத் தொடங்கி, அந்த நூலிலேயே கடல் நிலமாகி நிலம் கடலாகும் வரலாற்றையும் எழுதிச் சென்றவர் அவர். அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி என்பது அவர் திருநாமம்.

ஹிஜ்ரி 362இல், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், குவாரிஸம் நாட்டின் காத் நகர்ப்புறத்தில் அவர் பிறந்தார். பிரூன் என்ற பாரசீகச் சொல் புறம் என்று பொருள்படும். நகருக்குப் புறத்தே பிறந்தவர் ஆதலின் அப்பெயர் நிலைத்தது என்பர். இளமையிலேயே, அரச குலத்தவரும் கணித மேதையுமான அபூ நஸ்ர் மன்ஸூர் அவர்களிடம் கல்வி பயிலும் பேறு கிட்டிற்று. ஆனால் அமைதி கிட்டவில்லை. 995இல் அந்த அரச குலம் வீழ்ந்தது. பிரூனி ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. வறுமையும் அலைச்சலும் நிறைந்த அவ்வாண்டுகளின் நடுவிலும், 997 மே மாதத்துச் சந்திர கிரகணத்தை அவர் காத் நகரிலும், அபுல் வஃபா என்னும் பேரறிஞர் பக்தாதிலும் ஒரே இரவில் நோக்கி, இரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள நேர வேற்றுமையைக் கணக்கிட்டார்கள். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், வானத்து நிலவையே மணியோசையாகக் கொண்டு இருவர் கடிகாரத்தைச் சரிபார்த்தது போன்றது இது.

பின்னர் ஜுர்ஜானில் காபூஸ் என்னும் சிற்றரசரின் ஆதரவில் இருந்து, பல்வேறு சமுதாயங்களின் காலக் கணக்குகளைப் பற்றிய பெருநூலை இயற்றினார். தாயகம் மீண்டு சில ஆண்டுகள் அரசவையில் பணியாற்றினார். 1017இல் கஸ்னி சுல்தான் மஹ்மூத் குவாரிஸத்தை வென்றபோது, மற்ற அறிஞர்களோடு பிரூனியும் கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கைதியாகவா, அவைப் புலவராகவா என்று அறுதியிட்டுரைப்பது அரிது. இரண்டும் கலந்த நிலை என்றே தோன்றுகிறது.

வாசகர்களே, சற்று நின்று நோக்குங்கள். தாயகத்தை இழந்த ஒரு மனிதர், தம்மை இழுத்துச் சென்ற படைகளின் பின்னே இந்திய மண்ணை மிதிக்கிறார். கோபமும் ஏக்கமுமே மிஞ்சியிருக்கலாம். அவரோ சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். பண்டிதர்களோடு அமர்ந்து, பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். சுல்தானின் படையெடுப்புகளால் இந்நாட்டின் வளம் சிதைந்ததையும், அதனால் இந்நாட்டறிஞர்கள் மனங்கசந்து விலகிச் சென்றதையும் ஒளிக்காமல் எழுதினார். 1030 அளவில் முற்றுப்பெற்ற அவருடைய இந்திய நூலில்தான் நாம் தேடும் செய்தி இருக்கிறது.

இந்தியாவில் வேனிற் காலத்தில் பெய்யும் மழையை, இந்நாட்டார் வழங்கிய வர்ஷகாலம் என்ற பெயராலேயே அவர் குறித்தார். முல்தான் மக்களைக் கேட்டார். தங்களுக்கு அக்காலம் இல்லை என்றனர். மலையடிவாரத்து நாட்டாரைக் கேட்டார். ஆடி தொடங்கி நான்கு மாதம் இடைவிடாது பொழியும் என்றனர். உயர்ந்த மலைகளைத் தாண்டினால் மழையே இல்லை. காஷ்மீரத்துக்கு வாய்ப்பது பனிதான். ஏன் இந்த வேற்றுமை? கனத்த மேகங்கள் நிலத்தையொட்டித் தாழ்ந்தே செல்கின்றன. மலையில் மோதும்போது, திராட்சையையும் ஒலிவக் காயையும் செக்கிலிட்டுப் பிழிவதுபோல் மலைகள் அவற்றைப் பிழிந்து விடுகின்றன. பிழியப்பட்ட மேகம் அப்பால் கடப்பதில்லை என்பது அவர் கண்ட விளக்கம்.

பிரூனி தென்னாட்டுக்கு வந்தவர் அல்லர். பஞ்சாபுக்கு அப்பால் அதிகம் சென்றதில்லை. அவர் இதனை எழுதிய நாளில் நம் காவிரிக் கரையை ஆண்டவன் முதலாம் இராசேந்திர சோழன். ஆயினும் அவர் விளக்கம் நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதைக் காணுங்கள். அரபிக் கடலிலிருந்து எழும் தென்மேற்குக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை குடகில் பிழிந்து விடுகிறது. அதனால் ஆடியில் திருச்சியில் புழுதிக் காற்றுதான், மழை இல்லை. ஆனால் குடகில் பிழிந்த அந்த நீரே மேட்டூர் வழியாக ஆடிப்பெருக்காய் நம் வாசலுக்கு வருகிறது. நமக்குரிய நேர்மழை ஐப்பசி, கார்த்திகையில், வங்கக் கடலிலிருந்து வடகிழக்குக் காற்றோடு வருவது. ஆக, இரண்டு கடல்களையும் ஒரு மலையையும் நம்பி வாழ்கிற ஊர் இது. ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும். 2016இல் நேர்ந்தாற்போல் இரண்டும் தவறினால் திடலில் கூடவேண்டியதுதான்.

காற்று, மலை, கடல் ஆகியவற்றுக்கெல்லாம் முதற்காரணம் கதிரவன். நம் முன்னோர் அரபியில் உலகை ஏழு இக்லீம்களாகப் பகுத்தனர். கிளிமா என்னும் கிரேக்கச் சொல்லே இக்லீம் ஆயிற்று. சாய்வு என்பது அதன் பொருள். தட்பவெப்பநிலைக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரும் அதிலிருந்து பிறந்ததே. கதிர் எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ அவ்வளவுக்கு வெப்பம் குறைகிறது. திருச்சியில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், நண்பகலில் உச்சந்தலைமீது வெயில் நேரே இறங்குகிறது. ளுஹருடைய நேரம் பார்க்க நட்ட கோலுக்கு அன்று நிழலே இராது. நிழல்களைப் பற்றியும் தொழுகை நேரங்களைப் பற்றியும் தனி நூலே எழுதியவர் பிரூனி.

பருவங்கள் மாறுவதற்குக் காரணமான அந்தச் சாய்வை அவர் அளந்து 23 பாகை 35 கலை எனக் கண்டார். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. இன்று அளந்தால் 23 பாகை 26 கலைதான் இருக்கிறது. ஒன்பது கலை பிழைபட்டார் என்று எண்ணி விடாதீர்கள். இந்த ஆயிரம் ஆண்டுகளில் பூமியின் சாய்வே ஏறக்குறைய எட்டுக் கலை குறைந்துவிட்டது. அவர் செய்த பிழை ஒரு கலை அளவே! கோலும் வட்டமும் கொண்டு, வெறுங்கண்ணால் நோக்கிய ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இச்சாய்வு 41,000 ஆண்டுகட்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. பூமி கதிரவனுக்கு மிக அருகே வரும் நாளும் நிலையானதன்று. அவ்வண்மை, சேய்மைப் புள்ளிகளின் நகர்வைப் பிரூனியும் ஆராய்ந்தார். இப்போது ஜனவரி முதல் வாரத்தில் பூமி மிக அருகே வருகிறது. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகட்கு முன் அது வடபாதியின் கோடையில் நிகழ்ந்தது. அன்று வேனில் வெப்பம் மிகுந்து, பருவக் காற்று வலுத்து, இன்று பாலையாயிருக்கும் சஹாராவில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. பனி ஊழிகள் வந்து போவதற்கும் இத்தகைய மெல்லிய அசைவுகளே தாளம் போடுகின்றன என்பதை இருபதாம் நூற்றாண்டில் செர்பிய நாட்டு மிலன்கோவிச் கணக்கிட்டுக் காட்டினார். இருபதாயிரம் ஆண்டுகட்கு முன், பனி மிகுந்திருந்த நாளில், கடல்மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. இராமநாதபுரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே செல்லலாம்.

இனி, கிப்லாவைப் பற்றிய அந்த நூலுக்கு வருவோம். கஸ்னி நகரின் கிப்லாவைக் கணக்கிட ஊர்களின் தொலைவுகள் வேண்டும். தொலைவுக்குப் பூமியின் அளவு வேண்டும். அதற்காக இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே மலையேறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறதென அளந்து பூமியின் ஆரத்தைக் கண்டார். 1025இல் முடிவுற்ற அந்நூலில், ஊர்களின் இடத்தை நிர்ணயிக்கும் முன்பாக, நிலமே நிலையாயிருக்கிறதா என்ற கேள்வியை எழுப்புகிறார். அரபுப் பாலையில் கிணறு தோண்டுவோர் கிளிஞ்சல்களைக் காண்கின்றனர். கல்லை உடைத்தால் உள்ளே சிப்பிகளின் வடிவம் இருக்கிறது. ஜுர்ஜானுக்கும் குவாரிஸத்துக்கும் இடைப்பட்ட மணற்காட்டிலும் அவ்வாறே. ஆதலின் அவ்விடங்கள் ஒருகாலத்தில் நீருக்கடியில் இருந்தன; மனிதர் எழுதிவைத்த வரலாறு எட்டாத அளவு நீண்ட காலத்தில் அவை மாறின என்று முடிவு கட்டினார். இந்திய நூலிலும், மலையருகே பெருங்கற்களும், தொலைவில் சிறு கூழாங்கற்களும், ஆற்று முகத்தில் மணலும் இருப்பதைக் கொண்டு, இந்தச் சமவெளி ஆறுகள் கொணர்ந்த மண்ணால் தூர்ந்த கடல் என்றார்.

இதை மெய்ப்பிக்க நீங்கள் கஸ்னிக்குச் செல்ல வேண்டா. ஸ்ரீரங்கமே காவிரி இட்ட மணல் தீவு. அதைவிட வியப்பானது, திருச்சிக்கு வடகிழக்கே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருக்கிறது. ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம் பக்கத்து வறண்ட நிலத்தில், கடலிலிருந்து நெடுந்தொலைவில், சுருள் சுருளான கடற்பிராணிகளின் கல்லுருக்கள் கிடக்கின்றன. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமான மரம் கல்லாகிக் கிடக்கிறது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முன் அங்கே கடல் அலைகள் மோதின. அன்று நம் நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது, இமயமலை எழவில்லை, துருவங்களில் பெரும் பனிப் பாளங்கள் இல்லை, காற்றில் கரியமில வாயு இன்றையினும் பன்மடங்கு இருந்ததால் உலகமே வெதும்பியிருந்தது. கண்டங்கள் நகர்ந்து, மலைகள் எழுந்து, கடல்கள் வழிமாறுவதும் பருவங்களை மாற்றும் என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி கூறுகின்றன.

இந்தக் கற்களை முறையாக ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டவர் ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர். அவரே 1875இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். மறு ஆண்டு தென்னாட்டில் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தினும் வெதும்பிய எல் நினோ ஆண்டு 1877 என்பதை இன்று அறிவோம். அன்று அதை அறியாத பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குன்றும் என்ற தொடர்பைத் தேடினார். திருச்சிச் சீமையின் கல்லில் பழைய கடலைப் படித்த கண்களே பின்னர் மேகத்தைப் படிக்க முயன்றன. அவருக்கு ஆறு நூற்றாண்டுக்கும் முன்னரே இரண்டையும் ஒருவர் சேர்த்துப் படித்திருந்தார் என்பதை நம் பிள்ளைகளின் பாடநூல்கள் சொல்வதில்லை. அக்குறையை வீட்டில் நாம் தீர்க்கலாம். எட்டு நூற்றாண்டு என்றே சொல்லியிருக்க வேண்டும். கணக்கில் கவனம் தவறினால் பிரூனி மன்னிக்கமாட்டார்!

பருவம் என்றுமே மாறித்தான் வந்திருக்கிறது. அவ்வாறாயின் இன்றைய மாற்றத்துக்கு மட்டும் ஏன் கவலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கும் பிரூனியின் வழியில், காரணங்களை ஒவ்வொன்றாய் எடுத்து நிறுத்துப் பார்க்கவேண்டும். பூமியின் சாய்வா? அது ஆயிரம் ஆண்டில் எட்டுக் கலைதான் அசைந்தது. கதிரவனின் ஒளி கூடிற்றா? 1978 முதல் விண்கலங்கள் அளந்து வருகின்றன, கூடவில்லை. மேலும், வெயில் மிகுந்திருந்தால் வானத்தின் மேலடுக்கும் சூடேறியிருக்க வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது. எரிமலைகளா? 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ குமுறியபோது அது உலகைச் சிறிது காலம் குளிர்வித்ததேயன்றிச் சூடாக்கவில்லை. எஞ்சி நிற்பது, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றில் கலந்த கரியமில வாயு. இரவில் பூமி வெளியேற்றும் வெப்பத்தை அது போர்வைபோல் தடுக்கிறது. ஆலைகள் பெருகுவதற்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்தது, இன்று 420க்கும் மேல். 2024ஆம் ஆண்டு உலகின் சராசரி வெப்பம், ஆலைக் காலத்துக்கு முந்தியதைவிட ஒன்றரை பாகைக்கும் கூடுதலாயிற்று. பழைய மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. இதற்கு ஒன்றரை நூற்றாண்டே போதியதாயிற்று.

வெதும்பிய காற்று ஒரு பாகைக்கு நூற்றுக்கு ஏழு பங்கு அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது பேய்மழையாகவும், இடையில் நீண்ட வறட்சியாகவும் பருவம் பிளவுபடுகிறது. இதற்காக 2018இன் வெள்ளத்தை முழுதும் இக்கணக்கில் எழுதிவிடலாகாது. 1924இலும் காவிரி இதனினும் கொடிதாய்ப் பெருகியதுண்டு. ஒரு வெள்ளம் சாட்சியாகாது. பல்லாண்டுப் பதிவுகளே சாட்சி.

மனிதன் கை பட்டால் ஒரு நாட்டின் பருவமே கெடும் என்பதற்குப் பிரூனியின் தாயகத்தினும் கசப்பான சான்று வேண்டா. அவர் பிறந்த இடத்தருகே உள்ள நகருக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. உஸ்பெகிஸ்தானில், ஆமு தர்யா ஆற்றங்கரையில் உள்ளது. அந்த ஆறு ஆரல் கடலில் கலந்து வந்தது. 1960 முதல் பருத்தி வயல்களுக்கென அவ்வாற்று நீரை அளவிறந்து திருப்பியதால், உலகின் நான்காவது பெரிய ஏரியாயிருந்த ஆரல், பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. மீன்பிடி படகுகள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. கடல் தந்த குளுமை போயிற்று; கோடை முன்னினும் சுடுகிறது, குளிர்காலம் முன்னினும் வாட்டுகிறது, உப்புப் புழுதி வீசுகிறது. பாலையில் கிளிஞ்சலைக் கண்டு, பண்டு இங்கே நீர் இருந்தது என்று கணித்தவரின் ஊரில், இன்று சிறுவர்கள் கிளிஞ்சல் பொறுக்கித் தம் பாட்டனார் மீன் பிடித்த கடலை அறிகிறார்கள்.

ஓடும் ஆற்றின் கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று நம் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். காற்றையும் மேகத்தையும் மழையையும் அத்தாட்சிகளெனத் திருமறை பன்முறை சுட்டுகிறது. அத்தாட்சி என்பது நோக்கி ஆராய்வதற்கே என்று பிரூனி கொண்டார். மழைக்காகக் கையேந்துவதும், மழை ஏன் தவறிற்று என்று கணக்கிடுவதும் அவருக்கு ஒரே பணிவின் இரு முகங்கள்.

மஹ்மூதுக்குப் பின் வந்த சுல்தான் மஸ்ஊத் பெயரால் வானநூற் பெருநூல் ஒன்றை இயற்றியபோது, யானை சுமக்கும் அளவு வெள்ளி பரிசாக வந்ததென்றும், தமக்கு அது வேண்டாவெனத் திருப்பியனுப்பினாரென்றும் யாகூத் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். 1048 அளவில் கஸ்னியில் அவர் மறைந்தார். அந்த இறுதி நாளைப் பற்றியும் யாகூத் ஒரு செய்தி தருகிறார்.

மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நிலையில், தம்மைக் காண வந்த மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவரிடம், முன்னொரு நாள் அவர் கூறிய வாரிசுரிமைக் கணக்கைப் பற்றிப் பிரூனி வினவினார். பாட்டிமார்க்குரிய பங்கு பற்றிய நுட்பமான கணக்கு அது. இந்த நிலையிலா இதைக் கேட்பது என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் இவ்வுலகை விட்டுச் செல்வதினும் அறிந்து செல்வது நன்றல்லவா என்பது பிரூனியின் விடையாயிற்று. அறிஞர் அக்கணக்கை விளக்கினார். பிரூனி அதைத் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார். விடைபெற்று வெளியேறிய அவ்வறிஞர் தெருவில் சில அடிகள் நடப்பதற்குள், வீட்டினுள்ளிருந்து அழுகுரல் எழக் கேட்டார்.